வரியைக் குறைக்கச் சொல்வதா, சேவையைக் கூட்டச் சொல்வதா? வேலூர்க்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேலூரில் பெட்ரோல் பங்கிலும் பத்திரப் பதிவு அலுவலக வாசலிலும் தவறாமல் காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு: "இவ்வளவு வரி கட்டுகிறோமே, நமக்கு என்ன கிடைக்கிறது?" நியாயமான கேள்வி. ஆனால் அடுத்த மூச்சிலேயே "வரியைக் குறைத்தால் போதும்" என்று முடித்துவிடுகிறார்கள். அந்த இடத்தில்தான் எனக்குச் சம்மதமில்லை. எந்த வரி, அதை இன்று யார் கட்டுகிறார்கள், அது போனால் எந்தக் கதவு மூடும் என்று பார்க்காமல் வரிக் குறைப்பைக் கேட்பது ஏழைகளின் கையிலிருப்பதைப் பறிப்பதில் முடியும் என்பது என் உறுதியான கருத்து. அதை மறைக்காமலே பதில் சொல்கிறேன்.

மாநில அரசு நினைத்தால் எந்த வரியைக் குறைக்க முடியும்?

பலர் நினைப்பதைவிட மிகக் குறைவு. வருமான வரி மத்திய அரசுடையது. ஜி.எஸ்.டி. 2017 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் விகிதத்தை மத்திய அரசும் மாநிலங்களும் சேர்ந்து உட்காரும் ஜி.எஸ்.டி. மன்றம்தான் முடிவு செய்யும். அந்த மன்றத்தில் மத்திய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு எடை. ஒரு தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு வாக்கு வேண்டும். சென்னையிலிருந்து தனியாக எதையும் மாற்ற முடியாது.

மாநிலத்தின் கையில் மிஞ்சியிருப்பவற்றில் முக்கியமானவை பெட்ரோல், டீசல், மது ஆகியவற்றின் மீதான வரி, முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும், வாகன வரி. தொழில் வரி இருக்கிறது, ஆனால் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வசூலிக்க அரசியல் சட்டத்தின் 276ஆவது பிரிவு இடம் தரவில்லை. இந்தச் சில கைப்பிடிகளை வைத்துக்கொண்டுதான் மாநிலம் தன் வருமானத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியும்.

பெட்ரோல் வரியைக் குறைத்தால் எல்லோருக்கும் நல்லதுதானே?

2021 ஆகஸ்டில் அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் பெட்ரோல் வரியை லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தார். அதனால் ஆண்டுக்கு 1,160 கோடி ரூபாய் இழப்பு என்று பட்ஜெட் உரையிலேயே சொன்னார். காகிதத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள். காட்பாடியிலிருந்து பாகாயம் வரை தினமும் ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிறவர் மாதம் 15 லிட்டர் போடுகிறார் என்றால் அவர் கைக்கு வருவது 45 ரூபாய். மாதம் 100 லிட்டர் குடிக்கும் கார் வைத்திருப்பவருக்கு 300 ரூபாய். ஊசூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து பூ விற்கும் பெண்ணுக்கு ஒரு பைசாவும் இல்லை.

இன்னொரு பக்கம் 1,160 கோடியை நிறுத்திப் பாருங்கள். வேலூரில் பழைய பென்ட்லேண்ட் மருத்துவமனை வளாகத்தில் 2025 ஜூனில் திறக்கப்பட்ட அரசு பன்னோக்கு உயர்சிறப்பு மருத்துவமனையைக் கட்ட ஆன செலவு ஏறத்தாழ 198 கோடி. அந்த மூன்று ரூபாய், ஆண்டுதோறும் அப்படிப்பட்ட கட்டடங்கள் ஏறக்குறைய ஆறு எழுப்பும் பணம். மூன்று ரூபாய் குறைத்ததே தவறு என்று நான் சொல்லவில்லை. கொரோனாவில் நொடிந்துபோயிருந்த ஆண்டு அது. "இன்னும் ஐந்து ரூபாய் குறை" என்று இன்று கேட்பவர்கள் இந்த இரண்டு கணக்கையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்க வேண்டும் என்பதே என் எதிர்பார்ப்பு.

நம்மைவிட அதிக வரி போடும் மாநிலம் உண்டா?

கிறிஸ்டியான்பேட்டை சோதனைச் சாவடியைத் தாண்டினால் ஆந்திரா. அங்கே பெட்ரோல் விலை நம்மைவிட லிட்டருக்குப் பல ரூபாய் அதிகம். சித்தூர்ப் பக்கத்து வண்டிகள் இந்தப் பக்கம் வந்து டேங்கை நிரப்பிக்கொண்டு போவதை எல்லையோரத்தில் இருப்பவர்கள் அறிவார்கள். கேரளம் 2023இல் பெட்ரோல், டீசலுக்கு லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு வரி சேர்த்தது. கர்நாடகம் 2024 ஜூனில் பெட்ரோல் விலை ஏறத்தாழ 3 ரூபாய் உயரும் அளவுக்கு வரியைக் கூட்டியது. எரிபொருள் வரியில் தமிழ்நாடு மட்டும் தனியாக வாட்டுகிறது என்பது சரியல்ல.

வரி கட்டுபவர்கள் நாங்கள், இலவசம் வாங்குபவர்கள் அவர்கள். இது நியாயமா?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. குடியாத்தத்தில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றும் பெண் வருமான வரிப் படிவத்தைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார். ஆனால் அவர் வாங்கும் சோப்பிலும் செருப்பிலும் செல்போன் ரீசார்ஜிலும் வரி இருக்கிறது. அவர் வாங்கும் காய்கறி ஏறி வந்த லாரியின் டீசலிலும் இருக்கிறது. அவர் கணவர் குடிப்பவராக இருந்தால் அந்த வீட்டு வருமானத்தில் பெரும் பங்கு நேராகக் கருவூலத்துக்குப் போகிறது.

2025-26 பட்ஜெட் மதிப்பீட்டில் மாநிலத்தின் மொத்த வருவாய் வரவு 3,31,569 கோடி. அதில் 2,20,895 கோடி, அதாவது மூன்றில் இரண்டு பங்கு, மாநிலத்தின் சொந்த வரி. அந்தச் சொந்த வரியின் பெரும்பகுதி பொருள் விற்பனையிலிருந்து வருவது. பணக்காரரும் ஏழையும் ஒரே சோப்புக்கு ஒரே வரிதான் கட்டுகிறார்கள். வருமானத்தோடு ஒப்பிட்டால் ஏழை கட்டுவதுதான் அதிகம். எனவே அவர் வாங்குவது இலவசமல்ல. முன்பணம் கட்டி வாங்குவது.

மகளிர் இலவசப் பேருந்துப் பயணத்தால் போக்குவரத்துக் கழகம் நொடித்துப் போகாதா?

2021 மே மாதம் தொடங்கிய இத்திட்டத்துக்கு 2025-26இல் 3,600 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. இதனால் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக மாதம் 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. மேலே சொன்ன 45 ரூபாயோடு இதை ஒப்பிடுங்கள். ஆனால் திட்டம் இருந்தால் போதாது, பஸ் வர வேண்டும். காலை ஏழரைக்கு ஒன்று, அடுத்தது ஒன்பதே முக்காலுக்கு என்றால் வேலைக்குப் போகிறவள் ஷேர் ஆட்டோவுக்குக் காசு கொடுக்கத்தான் செய்வாள். அதனால் புதிய சலுகைகளைவிட, இருக்கும் வழித்தடங்களில் கூடுதல் பஸ் விட வேண்டும் என்பதைத்தான் நாம் உரக்கக் கேட்க வேண்டும்.

சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை) இருக்கிற ஊரில் அரசு ஆஸ்பத்திரிக்கு இவ்வளவு செலவு எதற்கு?

1900இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனை இன்று வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வங்கத்திலிருந்தும் நோயாளிகள் தேடி வரும் இடம். வேலூருக்கு அது பெருமை. ஆனால் நள்ளிரவில் ஒடுகத்தூரில் பிரசவ வலி எடுக்கும் பெண்ணுக்கு வேண்டியது அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு டாக்டர், ஒரு செவிலியர், சாவி கொடுத்தால் கிளம்பும் ஒரு ஆம்புலன்ஸ். அடுத்த கட்டத்துக்கு அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

புறநோயாளிகள் பிரிவில் காலை எட்டு மணிக்குப் போய் நின்று பாருங்கள். சீட்டு வாங்கும் வரிசையில் மஞ்சள் பையில் பழைய மருந்துச் சீட்டுகளைச் சுருட்டி வைத்துக்கொண்டு நிற்பவர்களில் பெரும்பாலானோர் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வாங்க வந்தவர்கள். மாத்திரை இருந்தால் ஒரு மாதத்துக்குக் கவலை இல்லை. இல்லையென்றால் வெளியே மெடிக்கல் ஷாப்பில் அன்றைய கூலியைக் கொடுக்க வேண்டும். வரிக் குறைப்பு முதலில் கைவைக்கும் இடம் இதுதான். கட்டடத்தை யாரும் இடிக்க மாட்டார்கள், திறப்பு விழாக் கல்வெட்டு அப்படியே இருக்கும். செவிலியர் பணியிடம் காலியாகவே கிடக்கும், மருந்துக் கொள்முதல் தள்ளிப்போகும், ஸ்கேன் எந்திரம் பழுதாகிப் பழுதாகவே நிற்கும். பட்ஜெட் உரையில் எங்கும் "குறைத்தோம்" என்ற சொல் இருக்காது.

மலைக்கு மேலே என்ன நிலைமை என்பதற்கு 2023 மே மாதத்தைச் சொன்னால் போதும். அணைக்கட்டு அருகே அல்லேரி மலையில், பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தையைச் சரியான சாலை இல்லாத மலையிலிருந்து இறக்கிக் கொண்டுபோவதற்குள் வழியிலேயே உயிர் பிரிந்தது. பிரேதப் பரிசோதனைக்குப் பிறகு ஆம்புலன்ஸ் பாதி வழியில் நின்றுவிட, தாய் அந்தச் சின்ன உடலைக் கையில் ஏந்திக்கொண்டு மலையேறினார். சாலைக்கு வனத்துறை அனுமதியும் தேவைப்பட்டது உண்மை. ஆனால் மலைக் கிராமங்களுக்குக் கடைசியாகத்தான் பணம் ஏறும் என்பதும் உண்மை. கஜானா சுருங்கும்போது முதலில் தள்ளிவைக்கப்படுவது இப்படிப்பட்ட சாலைதான், ஏனென்றால் அங்கே வாக்கு குறைவு.

வரிச் சலுகை கொடுத்தால்தானே தொழிற்சாலை வரும்?

ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் 9,000 கோடி ரூபாய் முதலீட்டிலான டாடா மோட்டார்ஸ் ஆலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். சலுகை இல்லாமல் இப்படிப்பட்ட ஒப்பந்தம் எங்கும் நடப்பதில்லை. ஆனால் சிப்காட் (அரசின் தொழிற்பேட்டை நிறுவனம்) நிலம், சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலை, துறைமுகத்துக்கு எளிதான வழி, ஐ.டி.ஐ.யும் பாலிடெக்னிக்கும் படித்த பிள்ளைகள் ஆகியவை இல்லாத ஊரில் வரியே இல்லை என்று சொன்னாலும் ஆலை வராது. அவை எல்லாம் வரிப்பணத்தில் வந்தவை.

இன்னொரு படிப்பினையும் நம் மண்ணிலேயே இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் பதனிடும் தொழில் லட்சக்கணக்கானவர்களுக்குச் சோறு போட்டது. அந்நியச் செலாவணியைக் கொண்டுவந்தது. கழிவைச் சுத்திகரிக்க உரிய காலத்தில் தொழிலதிபர்களும் செலவிடவில்லை, அரசும் கண்டிப்பு காட்டவில்லை. விளைவு, கழிவால் கெட்டுப்போன பாலாறு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், மாசுபடுத்தியவரே அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்ற கோட்பாடு நாட்டின் சட்டமாகவே ஆனது. அதே பாலாற்றுக்காக 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மீண்டும் ஒரு தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட ஓர் ஆலை விட்டுச்சென்ற குரோமியக் கழிவு மட்டும் இரண்டு லட்சம் டன்னுக்கு மேல். கிணற்று நீர் கெட்டதால் காவிரித் தண்ணீரை மேட்டூரிலிருந்து குழாயில் இழுத்து வரும் நிலைக்கு வந்தோம். அந்தக் குழாய்க்கான பணமும் வரிப்பணம்தான். கண்காணிப்பு அதிகாரிக்கும் ஆய்வகத்துக்கும் அன்று செலவிடாமல் மிச்சம் பிடித்ததை இன்று பலமடங்காகக் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

2025இல் ஜி.எஸ்.டி. குறைந்ததே, அது நல்லதில்லையா?

செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான பொருள்களுக்கு 12, 28 சதவீத அடுக்குகள் போய்விட்டன. 2,500 ரூபாய் வரையிலான காலணிக்கு வரி 5 சதவீதம். பள்ளிப் பிள்ளைக்கு ஷூ வாங்கும் பெற்றோருக்கு நல்லது, எனக்கும் மகிழ்ச்சி. ஆம்பூர் ஏற்றுமதியாளருக்கு இதனால் பெரிய மாற்றமில்லை, ஏற்றுமதிக்கு ஜி.எஸ்.டி. சுமை ஏற்கெனவே கிடையாது. ஆனால் குறைத்த முடிவின் சுமையில் பாதி மாநிலங்களுடையது. ஜி.எஸ்.டி.யால் மாநிலங்களுக்கு ஏற்படும் வருவாய் இழப்புக்கு மத்திய அரசு தந்த ஐந்தாண்டு இழப்பீடு 2022 ஜூனோடு முடிந்துவிட்டது. டெல்லி குறைக்கும், கைதட்டு வாங்கும். துண்டு விழுவதைச் சமாளிக்க வேண்டியது மாநிலம்.

பத்திரப் பதிவுச் செலவையாவது குறைக்கலாமே?

இதில் உங்கள் பக்கம்தான் நானும். முத்திரைத் தீர்வை 5, சொத்து மாற்று வரி 2, பதிவுக் கட்டணம் 2 என மொத்தம் 9 சதவீதம். 2017இல் வழிகாட்டி மதிப்பை (பதிவுக்காக அரசு நிலத்துக்கு வைக்கும் விலையை) 33 சதவீதம் குறைத்துவிட்டுப் பதிவுக் கட்டணத்தை 1லிருந்து 4 சதவீதமாக உயர்த்தினார்கள். 2023இல் மதிப்பை மீண்டும் ஏற்றிக் கட்டணத்தை 2 ஆக்கினார்கள். 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிவு செய்தால் 2025 ஏப்ரல் முதல் இன்னொரு சதவீதம் குறைவு. விகிதம் அதிகமாக இருக்கும்வரை பத்திரத்தில் ஒரு விலை, கையில் கொடுப்பது ஒரு விலை என்ற பழக்கம் ஒழியாது. கறுப்புப் பணம் வளரும், ஒழுங்காகப் பதிவு செய்பவர் ஏமாளியாகிறார். மதிப்பை உண்மைக்கு நெருக்கமாக வைத்து விகிதத்தைக் குறைப்பது நியாயமான வரிக் குறைப்பு. அரை கிரவுண்டு நிலம் வாங்கும் தொழிலாளிக்கு அது உதவும்.

சொத்து வரி?

அது மாநகராட்சிக்கும் நகராட்சிக்கும் ஊராட்சிக்கும் போவது. 2022இல் சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில் 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கு 25 சதவீதமும், 1,800 சதுர அடிக்கு மேற்பட்ட வீட்டுக்கு 100 சதவீதமும் ஏற்றினார்கள். பெரிய வீட்டுக்குப் பெரிய உயர்வு என்ற முறை எனக்குச் சரியாகவே படுகிறது. குப்பை அள்ளவும் தெருவிளக்கு எரியவும் உள்ளாட்சிக்கு வேறு வழி அதிகமில்லை. ஏப்ரல் அல்லது அக்டோபர் மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. அதிகபட்சம் 5,000 ரூபாய்.

டாஸ்மாக் வருமானத்தை நம்பி அரசு நடத்துவது சரியா?

சரியில்லை. இதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது. 2023-24இல் மதுவிலிருந்து 45,000 கோடி ரூபாய்க்கு மேல் அரசுக்கு வந்தது. அதில் எத்தனை வீடுகளின் அரிசிப் பணம் இருக்கிறது என்று யோசித்தால் தூக்கம் வராது.

ஆனால் மூட வேண்டும் என்று சொல்பவர்கள் வரியையும் குறைக்கச் சொல்வது பொருந்தாது. வேலூரை உள்ளடக்கிய பழைய வட ஆற்காடு மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தப் பாடம் பழையது. 1937இல் ராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1939இல் நம் மாவட்டத்துக்கும் வந்தது. கள், சாராய வருமானம் போன இடத்தை நிரப்ப அதே 1939இல் சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தார். வியாபாரிகள் கொதித்தார்கள். அவர் பின்வாங்கவில்லை. மதுவிலக்கு வேண்டுமென்றால் அதற்கு ஈடான வரி எது என்று அவர் நேராகச் சொன்னார். இன்று மதுக்கடையை மூடச் சொல்லும் கட்சிகளிடம் அந்த ஒரு பதிலைத்தான் நான் எதிர்பார்க்கிறேன்.

வீண் செலவையும் ஊழலையும் நிறுத்தினாலே வரியைக் குறைக்கலாமே?

நிறுத்தத்தான் வேண்டும், அதில் கிடைப்பது சேவைக்குப் போக வேண்டும். பட்ஜெட்டின் பெரும்பங்கு சம்பளம், ஓய்வூதியம், வட்டி என்று ஏற்கெனவே கட்டுப்பட்டது. விளம்பரப் பதாகையை நிறுத்தி மிச்சமாகும் பணத்தில் ஒரு மாநிலத்தின் வரியைக் குறைக்க முடியாது.

உரிமைத் தொகைக்குக் கொடுக்கும் பணத்தை ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தால் என்ன?

2023 செப்டம்பரில் ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரத் தொடங்கினார்கள். 2025-26இல் ஒதுக்கீடு 13,807 கோடி. மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு அதே ஆண்டில் 21,906 கோடி. சொந்தமாக ஒரு வருமானம் இல்லாத பெண்ணின் கணக்கில் விழும் ஆயிரத்தின் மதிப்பு எனக்குத் தெரியும். அதைப் பறிக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் தொகையை உயர்த்துவோம் என்று தேர்தலுக்குத் தேர்தல் ஏலம் போடுவதை எதிர்க்கிறேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவு டாக்டர் இல்லையென்றால் அந்த ஆயிரமும் தனியார் கிளினிக்குக்குத்தான் போகும்.

வரியையும் குறைத்து, சேவையையும் கொடுத்து, மீதியைக் கடன் வாங்கினால்?

2026 மார்ச் இறுதியில் நிலுவைக் கடன் 9.3 லட்சம் கோடியாக இருக்கும் என்று பட்ஜெட் மதிப்பிட்டது. ஆண்டு வட்டி மட்டும் 70,000 கோடியைத் தாண்டுகிறது. பள்ளிக் கல்வித் துறைக்கு ஒதுக்கியது 46,767 கோடி. பாலம் கட்டக் கடன் வாங்கலாம், பாலம் ஐம்பது ஆண்டு நிற்கும். சம்பளம் போடக் கடன் வாங்கினால் அதை இன்று ஒன்றாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை பெரியவனாகிக் கட்ட வேண்டும். 2025-26 பட்ஜெட்டின் 41,635 கோடி வருவாய்ப் பற்றாக்குறை, அதாவது அன்றாடச் செலவுக்கு வரவு போதாமல் விழும் துண்டு, என்பதன் பொருள் அதுதான்.

டெல்லி நமக்குத் தர வேண்டியதைத் தந்தால் இந்தப் பிரச்சினையே இல்லையே?

பாதி உண்மை. பகிரக்கூடிய மத்திய வரியில் மாநிலங்களுக்கு 41 சதவீதம். அதில் தமிழ்நாட்டின் பங்கு, மத்திய வரியை மாநிலங்களுக்குப் பங்கிடப் பரிந்துரைக்கும் நிதிக்குழுக்களில் பத்தாவதின் காலத்தில் 6.6 சதவீதத்துக்கு மேல் இருந்து, பதினைந்தாவதில் 4.079 ஆகச் சரிந்தது. செஸ், சர்சார்ஜ் என்ற பெயரில் வரிக்கு மேல் கூடுதலாக மத்திய அரசு வசூலிப்பதில் பங்கே கிடையாது. குடும்பக் கட்டுப்பாட்டையும் கல்வியையும் ஒழுங்காகச் செய்த மாநிலத்துக்கு இது அநீதி. ஆனால் அந்தப் போராட்டம் முடியும்வரை அடுக்கம்பாறையில் மாத்திரை வாங்க நிற்பவரைக் காத்திருக்கச் சொல்ல முடியாது.

வரியைக் குறைத்து முன்னேறிய மாநிலம் எங்காவது இருக்கிறதா?

அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலம் 2012இல் முயன்று பார்த்தது. ஆளுநர் சாம் பிரவுன்பேக் வருமான வரியை வெட்டினார். பல வகைத் தொழில் வருமானத்துக்கு வரியே இல்லை என்றார். வளர்ச்சி பாய்ந்து வரும் என்றார். வந்தது பற்றாக்குறை, பள்ளிகளும் சாலைகளும் அடி வாங்கின. 2017இல் அவருடைய சொந்தக் கட்சி பெரும்பான்மையாக இருந்த சட்டமன்றமே அவரது தடையுரிமையை மீறி வரியைத் திரும்பக் கொண்டுவந்தது. வேலூருக்கும் கன்சாஸுக்கும் வேறுபாடுகள் ஏராளம். ஆனால் குறைத்த வரி தானாகவே வளர்ச்சியாகத் திரும்பும் என்று சொல்பவர்கள் அந்த ஐந்தாண்டுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் நாம் எங்கே போய்க் கேட்பது?

ஊராட்சியில் இருப்பவர்களுக்குக் கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வரவு செலவுக் கணக்கை அங்கே வைக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை உண்டு. தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லிக் கையெழுத்திடுங்கள். மாநகராட்சியில் இருப்பவர்கள் வார்டு உறுப்பினரிடம் சொத்து வரி வசூல் எவ்வளவு, வார்டில் செலவானது எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. மனுவுக்கு 10 ரூபாய் கட்டணம், பதில் தர 30 நாள் அவகாசம். மனுவில் "வரி ஏன் அதிகம்" என்று எழுதாதீர்கள், அதற்குப் பதில் வராது. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, இன்று நிரம்பியிருப்பவை எத்தனை, மருந்து இருப்பு இல்லாத நாட்கள் எத்தனை என்று கேளுங்கள்.